உயரத்துக்கு ஒரு நூல்

என்னங்க,

வணக்கம் என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள், இருந்தாலும் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

இங்கே ஒரே கூத்து. செலவைக் குறைக்கிறோம் என்று எங்கள் தையல் கூடத்து டீ மெஷினைத் தூக்கிவிட்டார்கள். அது வாசலைத் தாண்டும்வரை, பிரேதம் போவதுபோல எல்லோரும் எழுந்து நின்றோம்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார் மேனேஜர்.

"எந்தக் குடும்பத்துல சார் டீயை நிறுத்துவாங்க?" என்று கேட்டார் பக்கத்து மெஷின் அக்கா. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். வருஷா வருஷம் ஊருக்கு வந்துபோக கம்பெனி தரும் விமான டிக்கெட், இனி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதானாம். நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒரு சின்ன வேலை. இந்த வருஷம் வரும்போது கொண்டுவரலாம் என்று பாப்பாவுக்குக் கவுன் துணி வாங்கியிருந்தேன். நல்லவேளை, இன்னும் வெட்டவில்லை. அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, தோளிலிருந்து முழங்கால்வரை நூல் பிடித்து, அந்த நூலைக் கவரில் வைத்து அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். ஒரு வருஷ வளர்த்திக்கும் சேர்த்து நூலை நீளமாக விட்டு வெட்டுங்கள். அவள் எந்த வேகத்தில் வளர்கிறாள் என்று உங்களுக்குத்தானே தெரியும்.