உன் இலையில் என்ன வைப்பது, மாப்ளே?

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு என்னையும் சேர்த்துச் சுமந்த ராசு மாப்ளேக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை வருகிறது. செத்தவனை எப்படி விசாரிப்பது என்று ஏழாம் வகுப்பு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கு மேலே சொல்லித் தந்திருந்தால் அது என் தலையெழுத்து, நான் போகவில்லை.

இந்தக் கடிதத்தை நம்ம கியாக்தான் விடுதியில், குடியை விட வந்து சேருகிற ஆட்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறார்களாம். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுவில் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

போன வாரம் தாமுவேயில், என் தங்கச்சி சரோஜா வீட்டில், உனக்கு முதல் வருஷத் திதி. உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு எல்லாம் வைத்தாயிற்று. அப்போது உன் அண்ணன் கோவிந்தன் தோள்பையிலிருந்து ஒரு ரம் பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

உங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படைத்ததைக் கீழே கொட்டக் கூடாது. முதல் கிளாஸை மச்சான்காரனிடம்தான் நீட்டுவார்கள். அந்த மச்சான்காரன் நான். விடுதியிலிருந்து வந்த பிறகு ஒரு சொட்டு தொடாமல் சைக்கார் ரிக்‌ஷா மிதித்துக் கொண்டிருக்கிற நான்.

"எடுங்க மாமா அதை," என்றாள் சரோஜா.

"செத்தவன் ஆசைப்பட்டதை வைக்காட்டி பசியோட திரும்பிப் போவாம்மா."

"அதுதான் அவரைக் கொன்னுச்சு."

"சரி. வேற என்ன பிடிக்கும் அவனுக்கு? சொல்லு, இதை எடுத்துடறேன்."

சரோஜா இலையில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அவர் குத்திக் கேட்கவில்லை, மாப்ளே. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று தெருவில் உட்கார்ந்து அழுதவர் அவர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"மொய்ங்கா நூடுல்ஸ் விரும்பிச் சாப்பிடுவாரு," என்றாள் கடைசியில்.

"விடிஞ்சு போதை தெளியறதுக்குச் சாப்பிட்டான்."

"கருவாடு?"

"கிளாஸுக்குத் தொட்டுக்க."

"பாட்டுப் பாடுவாரே."

"போடாம ஒரு நாளாவது பாடி நீ கேட்டிருக்கியா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்டவள்! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போட்டாதாங் துறைமுகத்தில் நீ மூட்டை தூக்கிய காலத்திலிருந்து, சாயங்காலம் ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். எனக்கும் தெரியவில்லை. என் கண் பாட்டில் மேலேதான் இருந்தது. உனக்குப் பிடித்ததை யோசிக்கச் சொன்னால், எனக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்வையைப் பிடுங்கி உன் படத்தில் வைத்தேன். அது விடுதியில் எடுத்த படம். கன்னத்தில் சதை வைத்திருந்தது. அப்போதுதான் விடுதிச் சமையலறை ஞாபகம் வந்தது.

பர்மாவில் நம்ம ஆட்களுக்கு என்று இருக்கிற இடம், அங்கே தமிழிலேயே அழலாம் என்று சொல்லித்தானே நம்மைச் சேர்த்தார்கள்? குடி நின்ற முதல் நாட்களில் நீ சுவரெல்லாம் எறும்பு என்று அலறினாய். நான் இல்லாத எறும்பை உனக்காகத் துடைப்பத்தால் அடித்தேன். உடம்பு கொஞ்சம் தேறியதும் சமையல் முறை வந்தது. என் முறை வந்தால் சோறு தீயும் என்பது விடுதிக்கே தெரியும். நாற்பது வயதுக்கு மேல் முதல்தடவை அரிசியைப் பார்த்தவன் வேறென்ன செய்வான்? எல்லோரும் திட்டினார்கள். நீ மட்டும் கரண்டியோடு வந்து, அண்டாவில் ஒட்டிய காந்தலைச் சுரண்டித் தின்றாய்.

"மச்சான், இது இப்படியா இருக்கும்? கடிச்சா சத்தம் வருது. இவ்வளவு நாளா என் நாக்கு எங்கே போயிருந்துச்சு?" என்றாய்.

அப்புறம் என் முறை வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "இன்னிக்கும் கெடுத்துடு மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போவாய்.

"காந்தல்," என்றேன். "அடிப்பிடிச்ச சோறு. அதுதான் ராசுவுக்குப் பிடிக்கும்."

சரோஜா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என் வீட்டுல கேட்டதே இல்லையே, அண்ணே. நான் அதை நாய்க்குல்ல போட்டேன்."

உன் வீட்டில் நீ எந்தச் சோற்றை ருசி பார்த்துச் சாப்பிட்டாய், கேட்பதற்கு?

உள்ளே போனாள். அரிசி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் கொடுத்தாள்: "அண்ணே, நீ வா. எனக்குக் கெடுக்க வரலை. உனக்குத்தான் கைராசி."

போனேன். நன்றாகவே தீய்த்தேன். வீடெல்லாம் வாசனை. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா வந்து அடுப்பை அணைக்கச் சொன்னார். சுரண்டி இலை நடுவில் வைத்தோம். கோவிந்தண்ணன் சொன்ன சொல் தவறாமல் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படைத்ததை முதலில் மச்சானுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு காந்தல் துண்டை என் கையில் வைத்தார். கசந்தது, மாப்ளே. தின்றேன். காக்கா என்னவோ முதலில் வடையைத்தான் தூக்கியது.

ஆனால் அந்தப் பை வாசலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்கு இன்னும் தெரியும். புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராசு மாப்ளே விடுதியை விட்டு வந்து நன்றாகத்தான் இருந்தார். பர்மாப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவில் கூட்டாளிகள் ஒரு கிளாஸ் என்றார்கள். மழை முடிவதற்குள் கண் மஞ்சளாகி, வயிறு ஊதிப் போய்விட்டார். அந்தக் கிளாஸை எடுத்த அன்று நான் அதே தெருவில்தான் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் மகள் மாலா சைக்காரில் உட்கார்ந்து வந்தாள். பாதி பர்மியிலும் பாதி தமிழிலுமாகக் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

மிதித்துக்கொண்டே இருந்தேன். ஏற்றம் என்பதால் மூச்சு வாங்குகிறது என்று நினைத்திருப்பாள். அந்த ரோட்டில் ஏற்றமே கிடையாது.

இதுதான் உனக்கு என் வாக்கு. வருஷா வருஷம் உன் சோற்றை நானே வந்து தீய்ப்பேன். என் இலையில் என்ன வைப்பது என்று என் மகள் வாயடைத்து நிற்கும்படி நான் சாக மாட்டேன். அவளுக்குச் சொல்ல ஒன்றாவது தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று பலாப்பழம் தின்று பார்த்தேன். அது இல்லை.

உன் சோற்றைக் கெடுக்கிற மச்சான்,
வேலு