இறங்காத கொக்கிக்கு முழு மதிப்பெண்

என் அருமை அத்திம்பேரே, அன்போடு கோபமும் சேர்ந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் பெயரில் ஒரு சுழற்கோப்பை வைத்திருக்கிறார்கள், தெரியுமா? உயிரோடு இருந்தபோது உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே கமிட்டிதான். செத்தவர் எழுந்து வந்து கேள்வி கேட்க மாட்டார் என்ற தைரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மை விமானப் போட்டி. கோப்பையை அக்கா கையால்தான் கொடுக்க வேண்டும் என்று செக்ரட்டரி செல்வராஜ் வலியசாலை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

ஆட்டம் என்னவோ பழைய ஆட்டம்தான். கையில் பிடித்த கம்பிகளின் முனையில் சின்ன விமானம் வட்டமடிக்கிறது. முதலில் முடிந்தவரை வேகம், பிறகு முடிந்தவரை மெதுவாக, கடைசியில் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் மாதிரி அடித்த பலகைத்தளத்தில் இறக்கம். வாலுக்கு அடியிலிருந்து கொக்கி இறங்கி, குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்தால்தான் இறக்கத்துக்கு மதிப்பெண். சக்கரம் கயிற்றில் சிக்கி நின்றால் கிடையாது. இதைப் பார்க்கத்தானே நீங்கள் நடுவராக இருந்த நாளெல்லாம் வேட்டியோடு புழுதியில் குப்புறப் படுத்துக் கிடந்தீர்கள்?

இப்போதைய நடுவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. பந்தல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் மோர். அங்கிருந்து விமானத்தின் முதுகுதான் தெரியும், வயிறு எப்படித் தெரியும்? அந்த முதுகிலேயே சொக்கிப்போனார்கள். செல்வராஜின் மருமகன் நிஜக் கடற்படை விமானம் போலவே சாம்பல் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தான். தோற்றத்துக்கு உள்ள கூடுதல் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தார்கள்.

அவன் இறக்கினான். சக்கரம் கயிற்றில் மாட்டி விமானம் குலுங்கி நின்றது. முழு மதிப்பெண்! நெய்யாற்றின்கரை லில்லி டீச்சரின் விமானம் கொக்கியால் கயிற்றைச் சுத்தமாகப் பிடித்து நின்றது. அவருக்கும் அதே மதிப்பெண்தான். பெயிண்டில் தோற்றார்.

"ஸாரே, அவருக்குக் கொக்கி இறங்கல்லியே," என்று டீச்சர் கேட்டார்.

"தோத்தா தோத்ததாக்கும் டீச்சரே. சும்மா பிரச்சனை ஆக்கண்டாம்," என்று ஒரு நடுவர் சிரித்தார். மோர் மீசையைக்கூடத் துடைக்கவில்லை.

போட்டியாளராக நீங்கள் பறக்கவிட்ட கடைசி ஆட்டத்தில் "என் கொக்கி இறங்கலை, மார்க்கை வெட்டுங்கோ" என்று நீங்களே போய்ச் சொல்லித் தோற்றீர்களே. உங்கள் பெயர் போட்ட கோப்பைக்கா இந்தக் கூத்து?

மேடையில் அக்கா கோப்பையைக் கையில் எடுத்தாள். கொடுக்கவில்லை. மேஜை மேல் இருந்த மருமகனின் விமானத்தைக் கவிழ்த்து, கொக்கியை விரலால் இழுத்தாள். அசையவில்லை. அழகாக இருக்கட்டும் என்று அந்தப் புத்திசாலி கொக்கிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறான். அது உடம்போடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. பெயிண்டுக்கும் மதிப்பெண், அந்தப் பெயிண்ட் ஒட்டிவைத்த கொக்கிக்கும் மதிப்பெண்!

"இது எறங்கவே எறங்காதேப்பா. இதுக்கா முழு மார்க்?"

செல்வராஜ் அசடு வழிந்தார். "விமானம் பலகைத் தட்டுல நின்னுதுல்லா மாமி? பின்ன என்ன?"

அக்கா கோப்பையை டீச்சரிடம் நீட்டினாள். "மார்க்கைத் திருத்தட்டும் மாமி, பின்ன வாங்கிக்கறேன்," என்றார் அவர். திருத்த எந்த நடுவரும் எழுந்திருக்கவில்லை.

"எங்காத்துக்காரர் பேர் இதுல இருக்கு. யாருக்கும் தர மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா இறங்கிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்போது கமிட்டி என்னை அடுத்த போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுகிறது. இதை ஊரெல்லாம் சொல்லித் திரியும் என் வாயை அடைக்க ஒரு நாற்காலி போதும் என்று கணக்கு. நிழலான இடமாகவே போடுவார்களாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன், அத்திம்பேரே, இது சத்தியம். புழுதிக்கறை போகாத உங்கள் வேட்டியை அக்கா பெட்டியிலிருந்து எடுத்து எனக்காகத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

குப்புறப் படுக்கத் தயாராகிவிட்ட
உங்கள் மச்சினன்,
சங்கரன்