நன்றிப் பக்கத்தில் என் பெயர்

ராயப்பேட்டை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

என் கண்ணு ஜுவேரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுகிறேன். அல்லாஹ்வின் காவலில் நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல், மனத்தெம்போடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா பெருநாளுக்கு அப்புறம் ஆறு நோன்பையும் பிடித்து முடித்துவிட்டாள், முழங்கால் வலிக்கு அடையாறில் ஒரு ஃபிசியோதெரபிக்காரம்மாவிடம் போய்வருகிறாள், ஆட்டோவில் போ என்றால் காதில் வாங்குவதில்லை, பஸ்ஸில்தான் ஏறி இறங்குகிறாள். உன் தம்பி ஆசிஃபுக்கு செமஸ்டர் நெருங்குகிறது. வெயில் இந்த வருஷம் சீக்கிரமே மண்டையைப் பிளக்கிறது. இத்தோடு வீட்டு விசேஷம் முடிந்தது. மீதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ கூப்பிடும்போதெல்லாம் கடையில் கூட்டம் என்று அம்மாவிடம் போனைக் கொடுத்தேனே, அது கூட்டம் இல்லை, பயம். ஆசிஃப் இதை போட்டோ எடுத்து இன்றே அனுப்புவான், ஒரிஜினல் கூரியரில் வரும்.

பெருநாள் முடிந்து பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, நீ கூப்பிட்டாய். கிளாஸ்கோவில் நீ எழுதிக் கொடுத்த கட்டுரையில் பத்துப் பக்கம், சென்னையில் யார் யாரோ எழுதிய புராஜெக்டுகளோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதாம், கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிட்டதாம், வருகிற இருபத்தெட்டாம் தேதி விசாரணையாம், திருட்டு என்று முடிவு செய்தால் படிப்பே போய்விடுமாம். உனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னாய். ஏனென்றால் அது நீ இங்கே பி.ஏ. கடைசி வருஷத்தில் செய்த உன் சொந்த ஆய்வு. நம் ராயப்பேட்டையில் வீட்டிலிருந்தபடி தி.நகர் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் நாற்பத்திரண்டு பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதியது. அத்தா, அதை நீங்க யாருக்காவது குடுத்தீங்களா என்று கேட்டாய். இல்லம்மா, நான் ஏன் குடுக்கப்போறேன் என்றேன். சரித்தா, நீங்க சொன்னா சரி என்று வைத்துவிட்டாய். மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. பொய் சொன்னேன் ஜுவேரியா. கொடுத்தேன், சும்மா கூடக் கொடுக்கவில்லை, காசுக்கு விற்றேன்.

நம் கடை என்ன கடை என்று உனக்குத் தெரியும். ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் என்று போர்டு இருந்தாலும் பிப்ரவரி மார்ச்சில் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது புராஜெக்டில்தான். நாளைக்கு சப்மிஷன் பாய், ஏதாவது பண்ணிக் குடுங்க என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். முதலில் அவர்கள் கொண்டுவந்ததை டைப் செய்து மட்டும் கொடுத்தேன். அப்புறம் ஒன்றுமே கொண்டுவராமல் வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கம்ப்யூட்டரில் உன் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். கொரோனா ஓய்ந்து காலேஜ் திறந்த வருஷம் அது, கடை படுத்துக் கிடந்தது, ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன், கடை நிமிர்ந்த பிறகும் நிறுத்தவில்லையே. ஆசிஃப் ஒரு தடவை, அக்காவுது வேணாம் அத்தா, வேற ஏதாவது குடுங்க என்றான், பெரிய மனுஷன் மாதிரி பேசாதே என்று அவன் வாயை அடைத்தேன். என் வேலை என்னவென்றால் அட்டையில் பெயர், காலேஜ், வருஷம், அப்புறம் சான்றிதழ்ப் பக்கம், இது என் சொந்த முயற்சியில் செய்த ஆய்வு என்று உறுதி சொல்லும் பக்கம், இந்த மூன்றை மாற்றுவது. சொந்த முயற்சி என்ற வரியை எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்பேன், கை கூசவில்லை. உள்ளே இருப்பதைப் பையனும் படிக்க மாட்டான், வாத்தியாரும் படிக்க மாட்டார், தடிமனைப் பார்த்து மார்க் போடுவார் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உன்னுடையது அந்தக் காலத்தில் பைண்ட் செய்த புத்தகமாக மட்டும் போனது, கம்ப்யூட்டரில் எங்கும் ஏறவில்லை. பின்னால் வந்தவர்கள் காலேஜ் கேட்டதால் சாஃப்ட் காப்பி ஏற்றினார்கள். அதனால்தான் அவர்கள் சொந்தக்காரர்கள், நீ திருடி என்று ஆகிவிட்டது.

நீ போன் செய்த அதே வாரம் சனிக்கிழமை, கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது ஒரு ஆள் வந்தார். முருகையன் என்று பெயர், அடையாறில் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். முன்பு அங்கேயே ஆற்றோரம் குடியிருந்தவர்கள், இப்போது அரசாங்கம் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டது, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார். பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அவர் மகள் கயல், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு காலேஜில் மூன்றாம் வருஷம், பிப்ரவரியில் நம்மிடம் புராஜெக்ட் வாங்கிப்போன பெண். அவர் கௌண்டரில் அந்தப் புத்தகத்தை வைத்து, இன்னா பாய், எம் பொண்ணுக்கு நீ எப்போ நைனா ஆன, நான் இன்னா செத்தா பூட்டேன் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் காலேஜுக்கு ஜானகி என்று புதிதாக ஒரு மேடம் வந்திருக்கிறார். டிகிரி முடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு பத்தி படித்துப் புரிந்துகொள்ளவோ, நாலு வரி கோவையாக எழுதவோ வரவில்லை என்று பார்த்து, சனிக்கிழமைகளில் அதற்கென்றே வகுப்பு வைத்திருக்கிறார். அவரவர் புராஜெக்டைக் கொண்டுவந்து எந்தப் பக்கத்தையாவது வாய்விட்டுப் படியுங்கள், மூடி வைத்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றிருக்கிறார். நன்றி சொல்கிற பக்கம்தானே, சுலபமாக இருக்கும் என்று கயல் அதைத் திறந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஐ தேங்க் மை ஃபாதர் மிஸ்டர் அக்பர் பாஷா என்று படித்திருக்கிறது. வகுப்பே உருண்டு சிரித்ததாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அந்தப் பெண் அடுத்த வரியையும் படித்ததாம். நான் அந்தப் பக்கத்தைத் தொட்டதே இல்லை அம்மா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

முருகையன் சத்தம் போட்டிருந்தால் தேவலை, அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மாம் பேரும் சிரிச்சிகீறாங்க, ஒரு வாரமா சரியா சோறு துண்ணாம படுத்துனுகீது பாய், எங்க வூட்ல காலேஜ் வாசப்படி மிதிச்ச மொதோ ஆளு இது, எய்தத் தெரியலன்னா தட்டுத் தடுமாறிக் கத்துக்கினு இருக்கும், நீ காச வாங்கிக்கினு அதையும் இல்லாம பண்ட்டியே என்றார். அந்தப் பெண்தான், பாய் மேல மட்டும் தப்பு இல்ல நைனா, நான்தான் போய்க் கேட்டேன், உள்ள இன்னா எய்திகீதுன்னே எனக்குத் தெரியாது என்றது. கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அறிந்ததில்லை.

அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு என்ன இருக்கிறது என்று நானே அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் டைப் அடிக்கத் தெரியும், நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று பெருமை வேறு, ஆனால் விரல்தான் படித்ததே தவிர நான் படித்ததில்லை. மேடம் விளக்கியதை வைத்து கயல் சொன்னது. என் அத்தா என்னை ஸ்கூட்டரில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கூட்டிப்போனார், ஒவ்வொரு வாசலிலும் வெயிலில் காத்துநின்றார், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, இந்த ஆய்வில் பாதி அவருடையது என்று எழுதியிருந்தாயாமே. நீ எனக்கு நன்றி சொன்னது ஏழு வருஷம் கழித்து, நான் ஏமாற்றிய பெண்ணின் வாயால் எனக்குத் தெரியவந்தது. அதுவும் முழுக்க நிஜமில்லை, நான் வாசலில் முணுமுணுத்துக்கொண்டுதான் நின்றேன், நீ அதை எழுதாமல் விட்டிருக்கிறாய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. நம்ம புள்ளைய நம்பி, அந்த ஃபால்ஸ் தைக்கிற ஃபிர்தௌஸ் தன் புருஷன் விட்டுப்போன கதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாளே, அதையுமா வித்தீங்க என்று மட்டும் கேட்டாள், அதற்குப் பிறகு இன்றுவரை எனக்குச் சோறு வைக்கிறாள், பேச்சு இல்லை. அதுவும் சரிதான்.

அடுத்த சனிக்கிழமை கயலோடு அந்த வகுப்புக்குப் போய் ஜானகி மேடத்தைப் பார்த்தேன். விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன், உட்காரச் சொன்னார். உன் விசாரணையைப் பற்றிச் சொன்னதும் துறை பீரோவைத் திறந்து தேடினார், ஒன்பது புத்தகம் கிடைத்தது. அட்டையில் ஒன்பது பெயர், உள்ளே ஒன்பதிலும் நன்றிப் பக்கத்தில் நான், அம்மா, ஆசிஃப். உங்க பொண்ணைக் காப்பாத்த இதைவிட சாட்சி வேண்டாம் சார், ஆனா நடந்ததை நீங்களே எழுதித் தரணும், உங்க கையால என்றார். பெரிய விஷயமா என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இவ்வறிக்கையின் நோக்கம் யாதெனில் என்று ஆரம்பித்து, மேற்படி ஆய்வேட்டின் பிரதிகள் மாணவர்களின் தேவை கருதி வழங்கப்பட்டன என்று முக்கால் பக்கம் எழுதினேன். படித்துவிட்டு, நல்லா இருக்கு சார், யார் வித்தாங்கன்னு எங்க எழுதியிருக்கீங்க என்று கேட்டார். எங்கும் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தவனுக்குத் தன் விஷயத்தை ஒரு பக்கம் எழுதத் தெரியவில்லை. நாலாவது தடவைதான் வந்தது. அதற்குள் பக்கத்தில் கயல் ஒரு பத்தியைப் படித்து, மூடி, தனக்குத்தானே சொல்லிப் பார்த்து, அடித்து அடித்து ஆறு வரி எழுதிவிட்டிருந்தது. மே மாதம் வரை அதற்கு அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் மேடம், தன் குடியிருப்பில் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்களைப் பற்றி எழுதுகிறது. வரிக்கு இரண்டு தப்பு இருக்கிறதாம்.

இத்தோடு வருவதைக் கவனமாகப் பார். முதலில் என் வாக்குமூலம், தமிழில் என் கையெழுத்தில், பக்கத்திலேயே மேடம் செய்த இங்கிலீஷ், மயிலாப்பூரில் நோட்டரி முத்திரையும் வாங்கியாகிவிட்டது. இரண்டாவது, ஒன்பது புத்தகங்களின் அட்டைக்கும் நன்றிப் பக்கத்துக்கும் நகல், அட்டையில் அந்தப் பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தை மறைத்திருக்கிறோம், அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், என் பாவத்தில் அவர்களை இழுக்க வேண்டாம். மூன்றாவது, உன் ஒரிஜினல் புத்தகத்தின் ஸ்கேன், அம்மா பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தாள், உன் காலேஜ் சீலும் தேதியும் தெளிவாக இருக்கிறது. புராஜெக்ட் செய்து தரப்படும் என்ற போர்டைக் கழற்றியாயிற்று. பக்கத்துக் கடைக்காரர், ஊரே பண்றதுதானே பாய், நீ மட்டும் ஹரிச்சந்திரனா என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆசிஃபும் இனி எழுதுவதை அவனே எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன், இத்தனை நாள் அவனுடையதையும் நான்தானே முடித்துக் கொடுத்தேன், இப்போது ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முழிக்கிறான்.

உன்னை எனக்குத் தெரியும். அத்தாவின் மானம் போய்விடும் என்று அங்கே வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பாய், யாரோ கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பாய். அப்படிச் செய்யாதே. என் மானத்தை நான்தான் விற்றேன், அதற்கு நீ விலை கொடுக்க வேண்டாம். என் அத்தா விற்றார் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். மன்னித்துவிடு என்று இங்கே எழுதி எழுதி அடித்துவிட்டேன், அந்த வார்த்தையையும் லீவு லெட்டரிலும் மன்னிப்புக் கடிதத்திலும் ஊருக்கெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவன் நான், உனக்கு அதைக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. நீ கேட்டாய், நான் இல்லை என்றேன். அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன், ஆமாம் அம்மா, நான்தான் கொடுத்தேன்.

அல்லாஹ் உன் நெஞ்சைத் திடப்படுத்தி, உன் உழைப்பை உன் பெயரிலேயே நிலைக்க வைப்பானாக. ஆமீன். இருபத்தெட்டாம் தேதி காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, காகிதங்களை வரிசை மாற்றாமல் கொடு, என் வாக்குமூலம் மேலே இருக்கட்டும். முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய். என்னோடு பேச மனம் வராவிட்டால் பேச வேண்டாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
அக்பர் பாஷா

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டித் திருத்தவில்லை. இதில் இருக்கும் தப்பெல்லாம் என்னுடையது.