அணில் ஒட்டிய சுவர்

என் வாயாடி ஜெசிக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்தால், "ஏன், நேர்ல சொல்ல வாய் இல்லையா உனக்கு?" என்று கேட்பாய். வாய் இருக்கிறது. கேட்கத்தான் நீ இல்லை. உனக்குப் பொறுமை கிடையாது என்பதால் நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் பேசுகிறாள். வத்தலக்குண்டுக்குப் போகவில்லை, நம் பள்ளியிலேயேதான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இனி மூச்சு விட்டுக்கொண்டு மீதியைக் கேள்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்து அடக்கம் செய்த பிறகு, நிஷா பள்ளிக்கு வந்தாள். தலை வாரி, ஸ்வெட்டர் பட்டனெல்லாம் போட்டு ஒழுங்காகத்தான் வந்தாள். ஆனால் வாயே திறக்கவில்லை. பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். மத்தியானச் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, ஜெசி.

அதனால் ஒரு காரியம் செய்தேன். தலைமை ஆசிரியை அல்லவா, யோசனைக்கா பஞ்சம்? அவள் முன்னால் அம்மா பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடமும், சத்துணவு சமைக்கிற பாக்கியத்திடமும் சொல்லிவைத்தேன். உன் இடத்துக்குப் புது டீச்சர் வரும்வரை ஐந்து வகுப்பும் என் தலையில்தான், அதுவும் ஒரே ஹாலில். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தால் மூன்றாம் வகுப்பின் காதில் விழாமல் இருக்குமா? சுவரில் நீ வரைந்த படங்களில் முதல் படமே 'அ'வுக்கு அம்மா. அந்த அம்மாவுக்கு உன் கண்ணாடியையும் கொண்டையையும் அப்படியே வரைந்து வைத்திருக்கிறாய், அவ்வளவு கொழுப்பு உனக்கு. அதன் மேல் ஒரு அணில் படத்தை ஒட்டினேன். "அ, அணில்" என்று சின்னதுகளைச் சொல்ல வைத்தேன்.

அந்த அணில் சுவரில் நிற்கவே இல்லை. ஒட்டிய மறுநாள் ஒரு மூலை தொங்கும். அதைச் சரிசெய்தால் இன்னொரு மூலை தொங்கும். நம் ஊர்ப் பனிக்குச் சுவரெல்லாம் ஈரம், பசை எப்படிப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு, பசையை மாற்றி மாற்றி ஒட்டினேன்.

இதற்கிடையில் உன் சேவியர் வந்தார். "முத்தக்கா, இங்க இருந்தா அவ அம்மா நெனப்பாவே கெடக்கா. வத்தலக்குண்டுல எங்க அக்கா வீட்டுல விட்டுரலாம்னு பாக்குறேன். எடம் மாறுனா சரியாயிருவா" என்றார். நாளெல்லாம் ஜீப் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அவருக்கும் அந்த மௌனம்தான். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். உள்ளுக்குள் பயம். நீயும் இல்லாமல், அவளும் இல்லாமல், அந்த ஹாலில் நான் யார் முகத்தைப் பார்ப்பது?

ஒருநாள் வெள்ளனே பள்ளிக்குப் போனேன். பாக்கியம் அடுப்பு பற்றவைக்க வந்து கதவைத் திறந்து போட்டிருந்தாள். உள்ளே நிஷா பெஞ்சின் மேல் ஏறி நின்று, அணிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் இறங்கவில்லை.

"எங்கம்மாவ ஏன் மூடுனீங்க?"

அவள் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "நீ பாத்தா அழுவியேன்னுதான்டி" என்றேன்.

"அம்மா எதும் தப்பு செஞ்சுட்டாங்களா? யாருமே அவங்க பேரச் சொல்ல மாட்டேங்குறீங்க. நான் சொன்னா திட்டுவீங்களா?"

பாவி நான். குழந்தைக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அவளை எப்படி ஒரு பயத்தில் உட்கார வைத்திருக்கிறேன் பார். "ஜெசி, ஜெசி, ஜெசி" என்று உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். நானும் பெஞ்சில் ஏறினேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே அணிலை உரித்தோம். கடைசியாக வாங்கிய பசை நல்ல பசை போலிருக்கிறது, வால் மட்டும் வரவே இல்லை. உன் தோளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, கொடைக்கானல் டவுனிலிருந்து குழந்தைகளுக்கான ஓர் ஆலோசகரை வரவழைத்தேன். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அழுதால் பக்கத்தில் இருங்கள், அழுகையை நிறுத்த அவசரப்படாதீர்கள் என்றார் அந்த அம்மா. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இப்போது எல்லோரும் வெயிலில் உட்காருகிறோம். மனசில் இருப்பதைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். முதல் வெள்ளியே நிஷா, "எங்கம்மா தோசைய எப்பவும் கருக்கிருவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான்காம் வகுப்புக் கணேசன், அப்பா குடித்துவிட்டு வந்தால் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வேன் என்றான். இத்தனை வருஷமாக அவனைத் தூங்குமூஞ்சி என்று திட்டிக்கொண்டிருந்தோமே, ஜெசி. அவன் அம்மாவிடம் பேசியிருக்கிறேன். அவனை விடமாட்டேன்.

சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு அழுதார். அன்று ராத்திரி உன்னைப் பெண் பார்க்க வந்த கதையை மகளிடம் சொல்லியிருக்கிறார். "இங்கனயே இருக்கட்டும்க்கா. ஜெசியப் பத்திப் பேச எனக்கும் அவதான இருக்கா" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் சோறு அப்படியே கிடக்கும். போன வாரம், "அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள். மருந்து கொடுத்தாங்க, அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வலித்ததா, ஜெசி?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன்னைப் பற்றி அவள் எப்போது கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். உன் முன்கோபத்தையும் சேர்த்துத்தான். உன்னைத் தெய்வமாக்கி எட்டாத உயரத்தில் வைக்க மாட்டேன்.

நேற்றுக் கணக்குப் பாடம். பின்னால் ஓயாத பேச்சு. போர்டைப் பார்த்தபடியே, "நிஷா, வாய மூடுறியா இல்லியா?" என்று அதட்டினேன். அதட்டிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை பிள்ளைகள் பக்கம் திரும்ப முடியவில்லை.

அவள் வாயை மூடவில்லை, ஜெசி.

உன் முத்து,
நிஷாவுக்குப் பள்ளியில் டீச்சர், மற்ற நேரமெல்லாம் பெரியம்மா.