வாணம் பார்த்த முகங்கள்

அக்கா,

இன்று மகளின் பிறந்தநாளுக்கு பிறம்ரனில் ஒரு சுஷிக் கடைக்குப் போனோம். கதிரையில் இருந்துவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் நாம் இருவரும் செய்த படம். ஆற்றின் மேலே வாணம் வெடித்து விரிகிறது, பாலம் நிறையச் சனம், கீழே விளக்குக் கட்டிய படகுகள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருந்தது. கடைச் சாப்பாட்டு மணத்தையும் மீறி எனக்கு உங்கள் மேசையின் கறுப்பு மை மணந்தது.

ரெக்ஸ்டேலில் நாங்கள் வேலை செய்த அந்தக் கடைசி அறை நினைவுக்கு வந்தது. பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்களைப் பார்த்துக் கையால் வரைந்து உணவகங்களுக்கு விற்கிற இடம். திருவிழாப் படங்களுக்குத்தான் ஓடர் அதிகம். அடியில் வெளிச்சம் எரியும் மேசையில் தாளை வைத்து நீங்கள் கோடும் முகமும் உடுப்பும் போடுவீர்கள். வானமும் வாணமும் என் பொறுப்பு. பொன்னிறம் கடைசியில்தான் ஏறவேண்டும், ஆகவே உங்கள் முகங்கள் எல்லாம் காய்ந்த பிறகே தாள் என்னிடம் வரும். ஜப்பானைப் பற்றி நம் இருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. “உவையள் வாணம் பாக்கவோ இவ்வளவு வெளிக்கிட்டு வாறவை?” என்று நீங்கள் கேட்டு நான் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

முதல் கிழமை, சாப்பாட்டு நேரம், “எத்தினை பிள்ளையள் அக்கா?” என்று கேட்டேன். “பிள்ளையள் இல்லை” என்றீர்கள். நான் உடனே என் மகளின் பள்ளிக்கூடக் கதையைத் தொடங்கிவிட்டேன். எனக்கு வாய் அப்படி. யூலை மாதம் ஏரிக்கரைக்கு வாணம் பார்க்க வரச்சொன்னபோது, “எனக்கு அந்தச் சத்தம் சரிவராது, நீர் போயிட்டு வாரும்” என்றீர்கள். வயது போனால் அப்படித்தான் என்று அதையும் விட்டுவிட்டேன்.

பிறகு படங்கள் திரும்பி வரத் தொடங்கின. சூப்பர்வைசர் மூன்று தாள்களைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தார். “சனம் பயந்துபோய் நிக்குதெண்டு வாங்கினவை சொல்லினம் அக்கா. இது திருவிழா அல்லோ. சிரிக்க விடுங்கோ.”

“மேல பாக்கிற சனம் உப்பிடித்தான் பாக்கும், தம்பி” என்றீர்கள்.

அந்த முகங்களில் இருப்பது இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கீறு, அவ்வளவுதான். மூலப் படத்தில் கீற்றின் ஓரங்கள் மேலே வளைந்திருக்கும். உங்கள் கையில் அது நேராக இறுகிவிடும். இன்னொரு தரம் திரும்பி வந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றிலிருந்து தாள் என்னிடம் வந்ததும் வானத்தைத் தொடுவதற்கு முன் மெல்லிய தூரிகையால் வாய்களைத் திருத்தினேன். இரண்டு ஓரத்திலும் மயிரளவு மேலே ஓர் இழுப்பு. பாலத்தில் நாற்பத்தொரு வாய். படங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தீர்கள். தூரிகையும் கையுமாக அகப்பட்டேன். “உமக்கு வானம்தானே வேலை?” என்றீர்கள். கோபம்கூட இல்லை. “வேலை போயிடும் அக்கா” என்றேன். நீங்கள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

அதற்குப் பிறகும் நீங்கள் உங்கள்பாட்டுக்கு வாயை நேராகவே போட்டீர்கள். நான் என்பாட்டுக்கு வளைத்தேன். பின்னேரங்களில் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வீட்டுக்குப் போனோம். ஏன் அக்கா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். நீங்கள் ஊரில் குண்டு விழுந்த நாட்களைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். சொன்னால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன வருடம் மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. வியாழக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் திறந்தாராம். நித்திரையிலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். வருடம் முடிய உங்களுக்கு ஆட்டத்திவசம் செய்ய யாராவது இருந்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இன்று அந்தக் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரத்து நீள வாங்கின் மேல் ஏறினேன். “அம்மா, ப்ளீஸ் இறங்குங்கோ, எல்லாரும் பாக்கினம்” என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கைதவறி விட்டுவிட்ட ஒரு வாய், உங்கள் கையால் போட்ட ஒரே ஒரு வாய், எங்காவது இருக்காதா என்று தேடினேன். நாற்பத்தொன்றும் சிரித்தன. நான் நல்ல வேலைக்காரி, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

கடைசித் தூணோடு நிற்கும் கருநீல உடுப்புப் பெண்ணை அப்போதுதான் வடிவாகப் பார்த்தேன். மூலப் படத்தில் அவள் தனியே, கைகளைச் சட்டைக்குள் விட்டபடி நிற்பாள். உங்கள் படத்தில் அவள் கைகள் ஒரு பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தன. பிள்ளைக்கும் அதே கருநீலம். துணி மடிப்பு என்றே எல்லோரும் நினைத்துவிட்டோம். உடுப்பில் உள்ள பூ என்று நான் நினைத்திருந்த வெள்ளைப் புள்ளி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பின்னலில் கட்டும் ரிபன். முகம் தாயின் நெஞ்சுக்குள் புதைந்திருந்தது. வாய் தெரியாதபடியால் அது என் தூரிகைக்குத் தப்பிவிட்டது.

பிள்ளையின் பெயர் என்ன அக்கா? எத்தனை வயது? ஒஷாவாக் கடைகள் வரைக்கும் போன எத்தனை படங்களில் அவளை வைத்தீர்கள்? ஒவ்வொரு தாளும் என் கைக்குத்தானே வந்தது. நான் வாய்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கிவிட்டேன். கேக் வந்தது, பாட்டுப் பாடினோம், நானும் கை தட்டினேன். அந்த மெல்லிய தூரிகை இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதைக் கொண்டு இனி ஒன்றும் செய்ய முடியாது, காய்ந்த மை காய்ந்ததுதான். வெடிக்கிற வானத்துக்குக் கீழே பிள்ளையின் முகத்தை நெஞ்சுக்குள் மறைத்துக்கொண்டு அந்தத் தாய் நிற்கிறாள், அக்கா. அவளை நான் சிரிக்க வைத்திருக்கிறேன்.