குரங்குக் குல்லாவில் குடியிருந்த ராணி

சம்பந்தியம்மா,

உயிரோடு இருந்திருந்தால் முதலில் பிள்ளைகள் சமாச்சாரம்தான் கேட்பீர்கள். அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். நம் பேத்தி காவ்யா ஹைஸ்கூல் போய்விட்டாள். சயன்ஸில் பள்ளிக்கூடத்துக்கே முதல். போன மாதம் இங்கே அமெரிக்காவில் எங்கள் ஊர் பிஸ்கட்டவே லைப்ரரியில் சின்னப் பிள்ளைகளுக்கு எறும்புகளைப் பற்றிப் பேசினாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நான்தான் முதலில் கைதட்டினேன். நீங்கள் இங்கே வந்திருந்தபோது உங்கள் மகள் வயிற்றில் இருந்த பயல் இப்போது கிண்டர்கார்டன். நீச்சலில் ரிப்பன் வாங்கினான். ஷூ லேஸைத் தானே கட்டுகிறான். அதையும் வெற்றியில்தான் சேர்க்கிறேன்.

இன்று காலை குளிர்காலத் துணிகளை எடுக்கும்போது உங்கள் மெரூன் குரங்குக் குல்லா கையில் வந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகள் பிரசவத்துக்காக நீங்கள் கோயம்புத்தூரிலிருந்தும் நான் மதுரையிலிருந்தும் வந்து, ஒரே சமையலறையில் முட்டிக்கொண்டு நின்ற கோடை அது. மழை விட்டதும் காவ்யா டிரைவ்வேயிலிருந்து இறகு உதிர்ந்த பெரிய கட்டெறும்பு ஒன்றைப் பிடித்து வந்தாள். கண்ணாடிக் குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, அப்புறம் எறும்பு, வாயில் இன்னொரு பஞ்சு. "ஷீ இஸ் எ குவீன், அப்பத்தா. இருட்டு வேணும். நோ ஃபுட். டோன்ட் டச்!" இருட்டுக்குக் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தது நீங்கள்தான். ஜூன் மாதத்திலும் ஏ.சி.க்குப் பயந்து அதை மாட்டிக்கொண்டிருந்தவர்!

சில நாளில் ராணி இட்ட முட்டைகளைப் பார்த்ததும் நமக்கு மனசு கேட்கவில்லை. "புள்ளத்தாச்சியப் பட்டினி போடுறாளே இவ" என்றேன். "ஏனுங்க, வளைகாப்பே பண்ணிப்போடலாமுங்க" என்று சிரித்தீர்கள். காவ்யா பள்ளிக்கூடம் போனதும் சர்க்கரைப் பொங்கலில் ஒரு பருக்கையைப் பஞ்சை நகர்த்தி உள்ளே வைத்தோம். ராணி தொடவேயில்லை; முதல் குஞ்சுகள் வளர்ந்து வரும்வரை அது சாப்பிடாதாம். பூசணம்தான் பிடித்து, பஞ்செல்லாம் பரவியது. "ஷீ வில் டை!" என்று அழுத காவ்யா, அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நம் இருவரிடமும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிள்ளை வைத்திருந்த புத்தகத்தை உங்கள் மகள் படித்துச் சொன்னாள்: புதுக் குழாயைப் பழையதோடு வாய்க்கு வாய் சேர்க்க வேண்டும், பழையதில் வெளிச்சம் விழ வேண்டும், புதியது இருட்டில் இருக்க வேண்டும். புதுக் குழாய்க்குக் குல்லாவை மாட்டினீர்கள். ராணியைக் கிளப்ப நான் பழையதைத் தட்டப் போனேன்.

"தட்டாதீங்க சம்பந்தியம்மா. அவளா வருவா."

விளக்கடியில் இரண்டு குழாய்களையும் மடியில் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அசையாமல் இருந்தீர்கள். "காப்பிய மட்டும் வாயில ஊத்திவிடுங்க" என்றீர்கள். அதுவரை என் காப்பியைத் தண்ணீர் என்று சொன்ன வாய்!

கதவு திறந்தது. யாரும் கூப்பிடவில்லை. காவ்யா வந்து உங்கள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள். ராணி எட்டிப் பார்த்தது, திரும்பிப் போனது, பிறகு முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு இருட்டுக்குள் நடந்தது.

"அம்முச்சி, டோன்ட் மூவ்."

"நான் எங்க கண்ணு மூவ் பண்றது? காலு இருக்கான்னே தெரியல."

பேரன் பிறந்த சமயத்தில் முதல் வேலைக்கார எறும்புகள் வெளியே வந்தன. இனி சாப்பாடு போடலாம் என்ற காவ்யா, முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை உங்கள் கையால்தான் வைக்கச் சொன்னாள்.

அதே ராணி இன்றும் பெரிய கண்ணாடிப் பெட்டியில் குடும்பம் நடத்துகிறது. காவ்யாவுக்கு வயசு அப்படி, இப்போதும் கோபம் வந்தால் கதவைச் சாத்துகிறாள். தட்டப் போகும் என் கை பாதியில் நின்றுவிடுகிறது. தோசையை மூடிவைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பேன். வருகிறாள், சம்பந்தியம்மா. அவளாகவே வருகிறாள். அந்தப் பொறுமை நீங்கள் எனக்குக் கொடுத்துப்போனது.

ராணியைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, உங்கள் படம் மாட்டியிருக்கும் கோயம்புத்தூர் வீட்டுக்குத் தபாலில் அனுப்பு என்று காவ்யாவிடம் சொல்லியிருக்கிறேன். ஃபிளாஷ் மட்டும் போடாதே என்றேன். ராணிக்கு இருட்டு வேண்டுமே.