காற்றுக்குத் திருப்பிய களங்கட்டி

செப்டெம்பர் 24, திங்கள்

சோழகக் காற்று இன்னும் அடங்கவில்லை. வாயெல்லாம் மண். பேக்கரியில் பாண் வரிசையில் ஒன்றரை மணித்தியாலம். என் முறை வரப் பாண் முடிந்தது. எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு வாங்கிக்கொண்டு போகிறார், நாசமாய்ப் போக.

தபாலில் என் நாவல். கடைக்கு வந்து ஒரு மாதமாம், எனக்கு இன்றுதான் ஐந்து பிரதி. அட்டையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண், கையில் துவக்கு. என் கதையில் பெண்ணும் இல்லை, துவக்கும் இல்லை. கீழே சிவப்பில் ‘மர்ம நாவல்’.

மர்ம நாவலாம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலையில் கடற்படை உளவுப் பகுதியில் மூன்று வருஷம் இருந்தவன் நான். சப்-லெப்டினன்ட். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது வேலை. பதிப்பாளனுக்கு யுத்தம் முடிந்தபோது மூக்குச்சளி துடைக்கத் தெரிந்திருக்காது.

உடனே கடிதம். இரண்டாம் பதிப்பில் ‘உண்மைச் சம்பவம்’ என்று போடவேண்டும். என் பெயரோடு பதவியும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன். (வேறு ஆள் இல்லை. அவனுக்கு அது தெரியாது.)

செப்டெம்பர் 26, புதன்

காற்று. தலையிடி.

அடுத்த வீட்டு ஆடு வேலிக்குள்ளால் வந்து முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டது. போய்ச் சத்தம் போட்டேன். ஆடு வாய் பேசாத சீவன்தானே என்கிறார்கள். ஆட்டை வளர்க்கிறவைக்கு வாய் இருக்குத்தானே என்றேன்.

யாழ்ப்பாணத்தில் வாங்க:
தட்டெழுத்துக்கு றிபன் (கிடைத்தால்)
கடுதாசி (கிடைக்காது)
பரமத்துக்கு முழங்கால் எண்ணெய் (மனிசி நச்சரிக்கிறாள்)
மண்ணெண்ணெய்

வாசிகசாலைக்காரர் இருவர் வந்தார்கள். எனக்குப் பாராட்டுக் கூட்டமாம், பொன்னாடையாம். இந்தத் தீவில், இறுப்பிட்டியில் பிறந்து இப்படி ஒரு கதை எழுதினவர் இல்லையாம். இந்தியப் புத்தகங்கள் வருவது நின்ற பிறகுதான் இவர்களுக்கு என் முகம் தெரிகிறது. சிங்களம் படிக்கமாட்டேன் என்று உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து பத்து வருஷம் இதே ஒழுங்கையால்தான் நடந்தேன். ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

ஒருவர் கதையை எனக்கே சொல்லிக் காட்டினார். மண்டைதீவுக் கடலில் மீனவன் வேடத்தில் ஓர் ஒற்றன். மீன் பிடிக்கக் கடலில் நடுகிற களங்கட்டித் தடிகளை அம்புக்குறி மாதிரி நட்டு, விமானத் தளம் எந்தப் பக்கம் என்று ஜப்பான்காரனுக்குக் காட்டுகிறான். தீவில் பிறந்த இளம் தமிழ் அதிகாரி ஒருவன் இரண்டு விமானப் படங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறான். “எப்பிடி ஐயா யோசிச்சனீங்கள்?” யோசிக்கவில்லை, நடந்தது என்றேன். வாயைப் பிளந்துகொண்டு போனார்கள். நல்ல சந்தோஷம்.

செப்டெம்பர் 27, வியாழன்

சூசை வந்தான்.

எழுதவே விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பத்து மணி. வேலிப் படலையில் ஒரு கிழவன், எழுபது இருக்கும். மண்டைதீவிலிருந்து பஸ்ஸில். கையில் பேப்பரில் சுற்றிய பொதி. கருவாடு விற்க வந்தவன் என்று நினைத்து வேண்டாம் என்று கை காட்டினேன். பொதியைப் பிரித்தான். என் புத்தகம்.

பெயர் சூசையாம். கதையில் வருகிற விமானப் படத்தில் இருந்த களங்கட்டிக்குச் சொந்தக்காரன் தானாம். நாற்பத்துமூன்றில் பிடித்துக்கொண்டு போய்த் திருகோணமலை முகாமில் பதினைந்து மாதம் வைத்திருந்தார்கள். தடியெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம், அவள்தான் வாசித்துக் காட்டினாளாம். கதிரை கொடுத்தேன், விளிம்பில் இருந்தான். திட்டப்போகிறான், இல்லாவிட்டால் நட்டஈடு கேட்கப்போகிறான் என்று பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டேன். கேட்டது வேறு.

“ஐயா கோவியாதையுங்கோ. படம் பாத்த அந்த மேசையில எங்கட தீவார் ஒருத்தர் இருந்ததா எழுதியிருக்கிறியள். அப்பிடி ஒருத்தர் உண்மையா இருந்தவரோ?”

“அது கற்பனை. நாவல்.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான். முகம் தெளிந்துவிட்டது. அங்கே முழுக்க வெள்ளைக்காரர்தான், அவங்களுக்குக் களங்கட்டி தெரியாது, அதுதான் நடந்தது என்று முப்பது வருஷமாக வீட்டில் சொல்லிக்கொண்டு வருகிறானாம். மகள்தான் குழம்பிப் போனாளாம். இனிப் போய்ச் சொல்லலாம். பரமம் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

என்ன மனிசன் இவன்? பதினைந்து மாதம் உள்ளே கிடந்தவன் ஏன் சண்டை பிடிக்கவில்லை? மத்தியானம் கறியில் உப்பில்லை என்று பரமத்தைப் பேசினேன். உப்பு இருந்தது.

செப்டெம்பர் 29, சனி

பதிப்பாளனிடமிருந்து கடிதம். வழிக்கு வந்துவிட்டான். ‘உண்மைச் சம்பவம்’ என்றே போடுகிறானாம். அட்டையில் என் சீருடைப் படமும். இரண்டு பக்க முன்னுரை வேண்டும், பத்தாம் தேதிக்கு முன். “அந்த மேசையில் தாங்களே இருந்தீர்கள் என்பது முதல் வரியிலேயே வரவேண்டும்.”

அவன் கண்ணில் கொள்ளி வைக்க.

ஒக்டோபர் 1, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

முன்னுரை: மூன்று வரி. கிழித்தேன்.

ஒக்டோபர் 2, செவ்வாய்

முன்னுரை: ஒரு வரி. றிபன் மங்கல் என்று தட்டெழுத்து யந்திரத்தில் ஓங்கி அடித்தேன். இப்போது ‘க’ விழுவதில்லை.

பரமம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இஞ்சருங்கோ, உங்களுக்கு இப்ப ஆரோட கோவம்?”

உம்முடைய வேலையைப் பாரும் என்றேன். போனாள். இரண்டு நாளாகப் பேச்சில்லை என்று எழுதப் பார்த்தேன். அவள் பேசுகிறாள். நான்தான் பேசுவதில்லை.

ஒக்டோபர் 3, புதன்

சரி. ஒருவரும் வாசிக்காத கொப்பியில் எழுதுவதற்கு என்ன பயம்.

களங்கட்டி என்பது ஆழமில்லாத கடலில் தடி நட்டு, வலை கட்டி, மீனை உள்ளே விடுகிற அடைப்பு. மேலிருந்து பார்த்தால் அம்புக்குறிதான். காற்று மாறினால் நீரோட்டம் மாறும். சோழகத்துக்கு ஒரு பக்கம், வாடைக்கு மற்றப் பக்கம் என்று அதன் வாயைத் திருப்பவேண்டும். எங்களுடைய குடும்பம் கமக்காரக் குடும்பம், கடலுக்குப் போனதில்லை. ஆனால் தீவில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியும்.

திருகோணமலையில் எங்கள் வெள்ளைக்காரக் கொமாண்டர் இரண்டு படங்களையும் மேசையில் போட்டார். ஒன்று ஆடிச் சோழகத்தில் எடுத்தது, மற்றது மார்கழி வாடையில் எடுத்தது. அம்பு திரும்பியிருக்கிறது, இப்போது விமானத் தளத்தைக் காட்டுகிறது. கண்டுபிடித்தது அவரே. சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷம். ஒன்பது மாதமாக என் முகத்தைப் பார்க்காத மனிசன் அன்றுதான் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார், சிகரெட் நீட்டினார். நீ அந்தப் பக்கத்தவன்தானே, இது என்னவென்று தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது, சேர், என்றேன்.

சிகரெட்டுக்கு. அந்தக் கதிரைக்கு. வேறு காரணம் தேடி முப்பது வருஷம் போய்விட்டது, கிடைக்கவில்லை. கடைசியில் அதைக் கதையாக்கி, அந்தச் சாட்டில் என்னைக் கதாநாயகனாகவும் ஆக்கிவிட்டேன். தூ.

ஒக்டோபர் 5, வெள்ளி

வாசிகசாலையிலிருந்து ஆள். பொன்னாடை வந்துவிட்டதாம், நீலக் கரை பிடிக்குமா என்று கேட்டான். கூட்டம் இல்லை என்றேன். ஏன் என்றான். இல்லை என்றால் இல்லை.

பரமத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. முடிந்ததும் கேட்டாள்: “இதை எனக்கு ஏன் சொல்லுறியள்? நானோ அந்த முகாமில கிடந்தனான்?”

ஒக்டோபர் 7, ஞாயிறு

முதல் பஸ். மண்டைதீவுச் சந்தியில் இறங்கி நடை. கோயில் பூசை முடிந்து சனம் போய்க்கொண்டிருந்தது. சூசை வீடு கேட்டேன். கரையில் நிற்கிறார் என்று காட்டினார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மருமகன் தடியைப் பிடிக்க இவர் அடித்தார். காற்று மாறப் போகிறது, களங்கட்டியைத் திருப்புகிறார்கள். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கரைக்கு வந்தார். வெயிலுக்குள் வந்திருக்கிறியளே, இளநீர் வெட்டச் சொல்லவா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். 

“சூசை, அது கற்பனை இல்லை. அந்த மேசையில நான் இருந்தனான்.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

“உங்களைக் கேட்டவங்களோ?”

“கேட்டவங்கள்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“தெரியாது எண்டு.”

மருமகன் தண்ணீரில் நின்று கூப்பிட்டான். பொறு என்று கை காட்டினார். ஏசுவார் என்று நின்றேன். ஏசவேண்டும் என்று நின்றேன். சத்தம் உயரவே இல்லை.

“பதினைஞ்சு மாதம் ஐயா. அவங்கட பாசை எனக்கு விளங்காது, என்ர பாசை அவங்களுக்கு விளங்காது. தீவார் ஒருத்தன் அந்தப் படத்தைப் பாத்தால் போதும், ஒரு சொல்லில என்னை விட்டிடுவாங்கள் எண்டு கிடந்தனான். கதவடியில சப்பாத்துச் சத்தம் கேக்கேக்கையெல்லாம் அந்த ஆள்தான் வாறான் எண்டு எழும்பி நிண்டனான்.”

திரும்பித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

பஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

திருகோணமலையில், சூசை கிடந்த முகாமின் தகரக் கூரை என் மேசையிலிருந்து தெரியும். பின்னேரங்களில் வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கும். வேலை செய்ய ஏலாது என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்து, யன்னலுக்குச் சீலை போடுவித்தேன்.